குவாட்டாவிட்டா: ஊர் வேறு, ஏரி வேறு

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்குக் கொலம்பியா போகிறோம். குவாட்டாவிட்டா, முயிஸ்கா பழங்குடியினரின் ஊர் என்கிறார்கள். படத்தில் பார்த்தால் நேற்றுக் கட்டியதுபோல் வெள்ளைவெளேரென்று இருக்கிறதே? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: நேற்று இல்லை, 1960களில் கட்டியது. பழைய ஊர் டொமினே நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. மக்கள் 1967இல் புது ஊருக்கு மாறினார்கள். ஆகவே முயிஸ்கா தடத்தைத் தேடுகிறவர் பார்க்க வேண்டியது அதே பெயருள்ள ஏரியைத்தான். அது குவாட்டாவிட்டாவில் இல்லை, பக்கத்துச் செஸ்கிலே ஊரின் எல்லைக்குள் மலைமேல் இருக்கிறது. பலர் ஏமாறுவது இங்கேதான். வண்டிக்காரரிடம் ஊர்ப்பெயரை மட்டும் சொன்னால் ஊரில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். 'லகூனா' என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்பானிய மொழியில் ஏரி. திங்கட்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும்.

ஏரி சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்தான்! விமானத்தை விட்டு இறங்கிய மறுநாளே ஏறினால் தலைவலியும் மூச்சிரைப்பும் படுத்தும். 2,600 மீட்டரில் உள்ள தலைநகர் பொகோட்டாவில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போங்கள். நேரமும் நமக்கு 13 மணி பின்னால் என்பதால் தூக்கம் சீராகவும் அந்த இரண்டு நாள் வேண்டும்.

கேள்வி: ஏரிக்கரை மேட்டில் ஒரு பக்கம் மட்டும் அரிவாளால் வெட்டியதுபோல் பிளந்திருக்கிறதே, நிலநடுக்கமா? (வாசகி, ஈசூன்)

பதில்: மனிதர் செய்த வேலை. முயிஸ்கா தலைவர் பதவியேற்கும்போது உடலெங்கும் பொன்துகள் பூசி, தெப்பத்தில் நடு ஏரிக்குப் போய்ப் பொன்னும் மரகதமும் இட்டார் என்பது மரபு. பிற்காலத்தில் பொன் நாட்டின் பெயராகிவிட்ட 'எல் டொராடோ' என்பது முதலில் அந்தப் பொன் பூசிய மனிதரைத்தான் குறித்தது. 1580களில் அந்தோனியோ டி செபுல்வேடா என்ற வணிகர் கரையை வெட்டி நீர்மட்டத்தைச் சுமார் 20 மீட்டர் இறக்கினார். பிறகு வெட்டிய வாய் சரிந்து தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். அந்த வடுதான் நீங்கள் பார்த்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய நிறுவனம் ஒன்று சுரங்கம் தோண்டி ஏரியையே வடித்தது. முதலில் கால் வைத்தால் புதையும் சேறு. வெயில் பட்டதும் அதுவே சிமெண்டாக இறுகியது. துளைக்கும் கருவி வந்து சேர்வதற்குள் சேறு சுரங்கத்தை அடைத்துக்கொள்ள, ஏரி மறுபடி நிரம்பிவிட்டது. 1965 முதல் தோண்டத் தடை.

கேள்வி: பொகோட்டா தங்க அருங்காட்சியகத்தில் உள்ள பொன் தெப்ப உருவம் இந்த ஏரியில் கிடைத்ததா? எப்படிச் செய்தார்கள்? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: இல்லை. 1969இல் பாஸ்கா என்ற ஊரின் குகை ஒன்றில், மண்பானைக்குள் கிடைத்தது. நீளம் 19.5 செ.மீ. தான், பள்ளிப்பிள்ளையின் அடிக்கோலில் முக்கால்வாசிகூட வராது. முறை நம் சுவாமிமலைச் சிற்பிகளுடைய மெழுகு வார்ப்பேதான். தேன்மெழுகில் உருவம் செய்து, மூக்கு, கண், அணிகலனுக்கு மெழுகை நூலாக உருட்டி ஒட்டுவார்கள். மேலே கரித்தூள் கலந்த நைசான களிமண், அதன்மேல் சொரசொரப்பான களிமண். நன்றாகக் காய்ந்தபின் சுட்டால் மெழுகு ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் ஆவி அச்சைப் பிளக்கும். அச்சு ஆறியிருந்தால் நூல்போன்ற பகுதிக்குள் போகுமுன்பே உலோகம் உறைந்துவிடும். பொன்னோடு செம்பு சேர்த்ததில் ஒரு சூட்சுமம் உண்டு: தனிப்பொன் 1,064 டிகிரியில் உருகும், செம்பு 1,085இல், சரியான அளவில் கலந்தால் 910 டிகிரி அளவிலேயே உருகிவிடும். முயிஸ்கா காணிக்கை உருவங்களில் பெரும்பாலானவற்றுக்கு மெருகு ஏற்றவில்லை, வார்த்த சொரசொரப்பு அப்படியே இருக்கும். குறை என்று நினைக்காதீர்கள். அணிவதற்கு அல்ல, படைப்பதற்குச் செய்தவை.

கேள்வி: பொகோட்டாவில் அறை எடுத்துச் சமைத்தால் பருப்பு வேகுமா? (வாசகி, அங் மோ கியோ)

பதில்: திறந்த பாத்திரத்தில் பாடுதான். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் உள்ள அறையாகப் பாருங்கள். சைவர்களுக்கு இன்னொன்று: அஹியாக்கோ என்ற உருளைக்கிழங்கு சூப்பை ஆசையாக வாங்கிவிடாதீர்கள், அதில் கோழி இருக்கும்.