சுவருக்கு வெளியே மேயும் ஆடுகள்

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளைப் பற்றிய உங்கள் குறிப்பில் வடக்கு ரொனால்ட்சே தீவுக்கு ஒரே வரிதான் ஒதுக்கியிருந்தீர்கள்: ‘கடற்பாசி தின்னும் ஆடுகள், அவற்றை வெளியே நிறுத்த ஊரைச் சுற்றி ஒரு சுவர்.’ நான் அபர்டீனில் வேலை பார்க்கிறேன், வரும் கோடையில் அங்கே போக எண்ணம். உள்ளே புல்வெளி இருக்க, ஆடுகளைக் கடற்கரையில் பட்டினி போடுவது கொடுமையில்லையா? ஊரில் ஆளே குறைந்துவிட்ட பிறகு அந்தச் சுவரை இடித்துவிட்டால்தான் என்ன? காலையில் போய் மாலையில் திரும்பினால் தீவைப் பார்த்ததாகுமா? சுவர் கட்டும் வேலையில் வெளியாட்களைச் சேர்த்துக்கொள்கிறார்களாமே, அதில் கத்துக்குட்டிக்கும் இடமுண்டா?

செந்தில்குமார், அபர்டீன்

அன்புள்ள செந்தில்குமார்,

பட்டினியெல்லாம் இல்லை. மற்ற ஊர் ஆடுகள் குளிர்காலத்தில் மெலியும், இவை அப்போதுதான் சதைபிடிக்கும். குளிர்காலப் புயல் ஆழத்தில் வளரும் கெல்ப் பாசியைப் பாறையிலிருந்து பெயர்த்துக் கரையில் குவியல் குவியலாகத் தள்ளிவிடும். கோடையில் கடல் அடங்கிவிடுவதால் கரையொதுங்குவது குறைவு. ஆடுகள் வற்றத்தில், அதாவது கடல்நீர் இறங்கும் வேளையில், தலைகாட்டும் பாறைத் திட்டுகள்வரை இறங்கிப்போய் மேயவேண்டும். பட்டை பட்டையான பழுப்பு கெல்ப்தான் அவற்றுக்கு முதல் விருப்பம். டல்ஸ் என்ற சிவப்புப் பாசியும் பிடிக்கும். சுவருக்கும் அலைக்கும் நடுவே முளைக்கும் கொஞ்சம் புல்லையும் விடுவதில்லை.

இரவு பகல் கணக்கு இந்த ஆடுகளுக்குக் கிடையாது. நீர் இறங்கத் தொடங்கிச் சில மணி நேரத்தில் மேயப் போகும், வற்றம் கழிந்து நீர் ஏறிவரும்வரை தின்னும், ஏற்றத்தில் சுவரோரம் வந்து படுத்து அசைபோடும். நள்ளிரவில் வற்றம் என்றால் நள்ளிரவில் மேய்ச்சல்.

உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் இரக்கம் அவற்றைக் கொன்றுவிடும். பாசியில் செம்புச் சத்து குறைவு. இருப்பதையும் உடம்பில் சேரவிடாத பொருட்கள் அதிலேயே உண்டு. தலைமுறை தலைமுறையாக அதைத் தின்று பிழைத்த ஆடுகளுக்குக் கிடைக்கிற துளிச் செம்பையும் உறிஞ்சிவிடும் உடம்பு வாய்த்திருக்கிறது. அந்த உடம்போடு ஆண்டு முழுக்கப் புல்லில் நின்றால் செம்பு கல்லீரலில் சேர்ந்துகொண்டே போகும். மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. பயணம், குளிர், வேறொரு நோய் என்று ஏதாவது ஒரு நெருக்கடி வரும்போது கல்லீரல் அத்தனையையும் ரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடையும், கண்ணும் ஈறும் மஞ்சளாகும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆடு செத்துவிடும். பிற இடங்களில் இந்த இனத்தை வளர்ப்பவர்கள் செம்பு கலந்த தாது உப்பையும் மாட்டுத் தீவனத்தையும் அதன் கண்ணில்கூடக் காட்டாததற்கு இதுதான் காரணம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மே மாத வாக்கில் தாய் ஆடுகளைச் சுவருக்குள் விட்டு, ஆகஸ்ட் வரை குட்டிகளோடு புல் மேய விடுவார்கள். பால் ஊறவும் குட்டி தேறவும் புல் வேண்டும். சில மாதப் புல்லை இந்த உடம்பு தாங்கும்.

சுவரின் கதைக்கு வருகிறேன். 18ஆம் நூற்றாண்டில் ஆர்க்னியின் செல்வம் பாசிச் சாம்பல்தான். கரையில் கல் பாவிய குழிகளில் உலர்ந்த பாசியை எரித்து, கட்டியாக இறுகும் சாம்பலைக் கண்ணாடி, சோப்புத் தொழிலுக்கு விற்றார்கள். ஒரு டன் சாம்பலுக்குச் சுமார் 20 டன் ஈரப் பாசி வேண்டும். நெப்போலியன் போர்கள் முடிந்து வெளிநாட்டுச் சோடா மலிவாக வந்து இறங்கவும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. நிலக்கிழாருக்கு வருமானம் இனி மாட்டிலும் பயிரிலும்தான் என்றானது. ஆடு உள்ளே நின்றால் இரண்டும் நடக்காது. 1832இல் தீவைச் சுற்றிச் சுவர் எழுந்தது, ஆடு கரைக்குப் போனது.

சுவர் எழுந்த பிறகுதான் ஆடுகள் பாசி தின்னக் கற்றன என்று எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. பக்கத்துத் தீவான பாப்பா வெஸ்ட்ரேயை ஒட்டிய குறுந்தீவில் கிடைத்த, சுமார் 5000 ஆண்டுப் பழமையான ஆட்டுப் பற்களை ஆராய்ந்ததில், அவையும் பாசி தின்றது தெரிந்தது. பழக்கம் பழையது. அதைவிட்டால் வேறு வழியில்லை என்று ஆக்கியதுதான் சுவர்.

சுவரின் நீளம் சுமார் 21 கிலோமீட்டர், உயரம் ஏறக்குறைய 1.8 மீட்டர். சாந்து கிடையாது, கரைக் கல்லை அடுக்கியதுதான். எந்தப் பண்ணைக்கு எவ்வளவு நிலமோ அதற்கேற்ற நீளம் அந்தப் பண்ணையின் பொறுப்பு. ஆடு விஷயங்களைத் தீர்க்க ஊரார் கூடும் ‘ஆட்டு நீதிமன்றம்’ இன்றும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் 500 பேருக்கு மேல் வாழ்ந்த தீவு அது, இன்று அறுபது சொச்சம் பேர்தான். கிலோமீட்டர் குறையவில்லை, கை குறைந்துவிட்டது. 2012 டிசம்பர் புயல் பல இடங்களில் சுவரைச் சரித்தபோது ஊராரால் மட்டும் ஈடுகட்ட முடியவில்லை. 2016 முதல் கோடையில் ஆட்டுத் திருவிழா என்ற பெயரில் வெளியூர்த் தொண்டர்களை அழைக்கிறார்கள். 2019இல் சுவருக்கென்றே சம்பளத்துக்கு ஒரு காவலரையும் அமர்த்தினார்கள்.

இடித்துவிட்டால் என்ன என்று கேட்டீர்கள். செம்பு ஒருபக்கம் இருக்கட்டும். உள்ளே மாடும் வேறு இனச் செம்மறியும் மேய்கின்றன. கலந்தால் இரண்டொரு தலைமுறையில் இந்த இனம் கரைந்துபோகும். தீவில் சுமார் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் ஆடுகள்தான். ஒரே எண்ணெய்க் கசிவு கரையைக் கெடுத்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்து, 1974இல் பிரிட்டனின் அரிய கால்நடை இனங்களைக் காக்கும் அறக்கட்டளை லிங்கா ஹோம் என்ற குறுந்தீவை வாங்கி ஒரு மாற்று மந்தையை அங்கே கொண்டுபோய் விட்டது. ஆக, ஆட்டைத் துரத்தக் கட்டிய சுவர்தான் இன்று அந்த இனத்துக்கு வேலி.

கத்துக்குட்டிக்குத் தாராளமாக இடமுண்டு. முதல் நாள் கல் பிரிக்கும் வேலைதான் தருவார்கள், அதைக் குறைவாக எண்ணாதீர்கள். சரிந்த இடத்தில் கடைக்காலுக்கான பெருங்கல்லைச் சுவரடிக்கு அருகிலும், மேல்வரிக் கல்லை எட்டத்திலும், உள்ளே அடைக்கும் சில்லுக்கல்லைத் தனியாகவும் போடவேண்டும். கலந்து கிடந்தால் கட்டுகிறவருக்குத் தேடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும்.

சாந்தில்லாத சுவருக்கெல்லாம் விதி ஒன்றுதான்: கீழே இரண்டு கல் சேரும் மூட்டின்மேல் ஒரு கல் உட்காரவேண்டும். மூட்டுக்கு நேர்மேலே மூட்டு வந்து மூன்று நான்கு வரி ஓடிவிட்டால், அங்கே ஒருநாள் சுவர் பிளக்கும். கல்லின் நீளப்பக்கம் சுவருக்குள் போகவேண்டும். அழகான நீண்ட முகம் வெளியே தெரியட்டும் என்று வைப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. அப்படி வைத்த கல்லுக்கு உள்ளே பிடிப்பு இல்லை, ஒரு கிடா முட்டினால் வெளியே வந்துவிடும். இரட்டை முகமாகக் கட்டும் இடத்தில் நடுவே சில்லுக்கல்லைக் கையால் ஒவ்வொன்றாகச் செருகவேண்டும். மண்வெட்டியால் அள்ளிக் கொட்டினால் அது நாளடைவில் கீழே அமர்ந்து, இரு முகத்தையும் வெளியே தள்ளி வயிறு வைக்கச் செய்யும். பாதி உயரத்தில் அங்கங்கே இரு முகத்தையும் பிணைக்கும் நீளக்கல் வேண்டும். கடலோரம் கிடப்பவற்றில் அலை உருட்டிய உருண்டைக் கற்களும் நிறைய. அவற்றில் தட்டை முகம் கிடைக்காது, திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, ஆடாமல் உட்காரும் வாகைக் கண்டுபிடிக்கவேண்டும். இத்தனை சரியாகச் செய்தும் அலை கடைக்காலுக்குக் கீழே அரித்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை, மறுபடி கட்டவேண்டியதுதான்.

வாய்ப்பிருந்தால் ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டும் நாளைத் தவறவிடாதீர்கள். மயிர் கத்தரிக்கவும் எண்ணவும் ஆண்டுக்குச் சில தடவை ஊரே கைகோத்துச் செய்யும் வேலை அது. கடல்நீர் ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். வற்றத்தில் ஓட்டினால் ஆடுகள் பாறைத் திட்டுகளில் சிதறிவிடும், பின்னால் போகிறவர் வழுக்கி விழுவார். நீர் ஏறி நிற்கும்போது ஒருபக்கம் கடல், ஒருபக்கம் சுவர், முன்னால் கல் பட்டியின் வாய். நடுவே ஒரு ஆள் இடைவெளி விட்டால் போதும், மொத்த மந்தையும் அதன் வழியே திரும்பி ஓடிவிடும். இவை சராசரி ஆட்டைவிடச் சிறியவை, பெட்டை 25 கிலோ போலத்தான் இருக்கும், ஆனால் தாவுவதில் மானைத் தோற்கடிக்கும்.

போய்வர ஒரு நாள் போதாது, குறைந்தது இரண்டு இரவாவது தங்குங்கள். ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலிலிருந்து எட்டுப் பேர் உட்காரும் லோகன்ஏர் விமானம் இருபது நிமிடத்துக்குள் கொண்டுபோய்விடும். மூடுபனி இறங்கினால் பறக்காது. ஆகவே அபர்டீன் திரும்பும் பயணத்தை அன்றே இணைத்துப் பதியாதீர்கள். படகு வாரத்துக்கு ஓரிரு முறைதான். காரை அதில் கிரேன் வைத்துத் தூக்கி ஏற்றுவார்கள் என்பதால் கார் வேண்டவே வேண்டாம், தீவின் நீளமே ஐந்து கிலோமீட்டர்தான். 1987இல் தொடங்கிய பறவை ஆய்வு நிலையத்தில் விருந்தினர் தங்கலாம், முன்பதிவு அவசியம்.

டெனிஸ் ஹெட் என்ற முனையில் 1854இல் பொறியாளர் ஆலன் ஸ்டீவன்சன் எழுப்பிய 42 மீட்டர் கலங்கரை விளக்கம் இருக்கிறது. பிரிட்டனில் நிலத்தில் நிற்பவற்றில் உயரமானது அதுதான், 176 படி. மேலே ஏறினால் சுவரின் வளைவைப் பார்க்கலாம். அருகில் 1789இன் பழைய விளக்கக் கோபுரம், உச்சியில் விளக்குக்குப் பதில் ஒரு கல் உருண்டை. தெற்கே துளையுள்ள ஒரு நெடுங்கல் நிற்கிறது. புத்தாண்டு நாளில் ஐம்பது பேர் நிலவொளியில் வாய்ப்பாட்டு மட்டும் பாடிக்கொண்டு அங்கே ஆடியதாக 1790களின் பாதிரியார் குறிப்பு ஒன்று உண்டு. தென்முனையில் இரும்புக்கால பரியன் கோட்டை. என்னைக் கேட்டால் கலங்கரை விளக்கத்துக்கு ஒரு மணி நேரம் போதும், மீதிப் பொழுதைக் கரைக்குக் கொடுங்கள்.

அதற்குக் கடலின் ஏற்றம், வற்றம் காட்டும் அட்டவணை கையில் இருக்கவேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வெகுதூரம் உள்வாங்கும், ஆடுகள் கடைசிப் பாறைவரை போகும். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சுவருக்கு உட்புறமாக நின்று பாருங்கள். கரையில் இறங்கினால் அவை மேய்ச்சலை விட்டு ஓடும், அந்த வேளைத் தீனி அவற்றுக்குப் போச்சு. உள்ளே போக வெளியே வர வாயில்களையே பயன்படுத்துங்கள், திறந்ததை மூடிவிடுங்கள், எந்த அவசரத்திலும் சுவர்மேல் ஏறித் தாண்டாதீர்கள். ஒரு மேல்கல் நகர்ந்தால் அடுத்த காற்றில் அதன் கீழ்வரி விழும். வேலைக்குச் சேர்வதென்றால் ரப்பர் பூசிய கையுறை இரண்டு ஜோடி, கணுக்காலை மூடும் பூட்ஸ், காற்றும் மழையும் புகாத மேலுடை எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் 15 கிலோ சுமைக்கு மேல் விடமாட்டார்கள், பூட்ஸைப் பையில் வைக்காமல் காலில் போட்டுக்கொண்டே ஏறுங்கள்.

அன்புடன்.