தடயவியலுக்குப் புள்ளியியல் வழியாகவும் போகலாம்

ஐயா, மகள் தடயவியல்தான் படிப்பேன் என்கிறாள், அவளுடைய ஆசிரியரோ பி.எஸ்சி. புள்ளியியலில் சேரச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். "டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் ஆள் யாரென்று மெஷினே சொல்லிவிடுமே, அதில் புள்ளியியலுக்கு என்ன வேலை?" என்பது உங்கள் கேள்வி. பலரும் கேட்பதுதான்.

மெஷின் ஆளைச் சொல்வதில்லை. டிஎன்ஏவில் சில இடங்களில் ஒரு சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். அது எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை, அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என ஜோடியாகக் கிடைக்கும். சம்பவ இடத்து ரத்தமும் சந்தேக நபரின் ரத்தமும் ஒத்துப்போன பிறகுதான் கணக்கே ஆரம்பம். ஓர் இடத்து ஜோடி பத்துப் பேரில் ஒருவருக்கு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஆறு இடங்கள் சேர்ந்தால், பத்தை ஆறு முறை பெருக்கி, பத்து லட்சத்தில் ஒருவர். "ஆக, இவர் நிரபராதியாக இருக்க பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்" என்று வக்கீல் வாதாடினால் அது தப்பு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 7.2 கோடி. அப்படிப் பார்த்தால் அதே எண்கள் 72 பேருக்கு இருக்கலாம். வேறு சாட்சியமே இல்லையென்றால் இவர் அந்த 72 பேரில் ஒருவர், அவ்வளவுதான்.

1999-ல் இங்கிலாந்தில் இது நிஜமாகவே நடந்தது. போல்டனில் ஒரு திருட்டு. ஆறு இடங்கள் ஒத்துப்போயின, 3.7 கோடியில் ஒருவர் என்றார்கள். சிக்கியவரோ வெகுதொலைவில் வசித்த, உடல் அசைவைப் பாதிக்கும் பார்க்கின்சன் நோயாளி. கூடுதல் இடங்களைச் சோதித்ததும் ஒத்துப்போகவில்லை, விட்டுவிட்டார்கள்.

இன்று இருபது இடங்களுக்கு மேல் பார்க்கிறார்கள். சரி, சிக்கல் தீர்ந்ததா? கதவுக் கைப்பிடியில் மூன்று பேர் தொட்ட டிஎன்ஏ தடம் கலந்திருந்தால் எது யாருடையது? அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறையாகச் சொந்தத்திலேயே கல்யாணம் நடக்கும் ஊரில் அப்படியே பெருக்கிவிடலாமா? கூடாது; உறவுக்குள் எண்கள் ஒத்துப்போகும் வாய்ப்பு அதிகம், அதற்கென்று திருத்தம் உண்டு. "தடம் இவருடையது என்றால் இந்த முடிவு வர எவ்வளவு வாய்ப்பு, வேறொருவருடையது என்றால் எவ்வளவு?" என்று இரண்டையும் போட்டு, விகிதத்தைச் சொல்வதோடு நிபுணர் வேலை முடிகிறது. குற்றவாளியா இல்லையா என்பது நீதிபதி பாடு.

இந்தக் கணக்கை உயிரியல் மட்டும் படித்தவர் போடத் திணறுவார். அதனால்தான் பெயரில் 'தடயவியல்' இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பி.எஸ்சி.யில் பணம் கட்டாதீர்கள் என்கிறேன். புள்ளியியல் எடுக்கட்டும், கூடவே மரபியலையும் படிக்கட்டும். பிறகு காந்திநகர் தேசிய தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதுகலைக்கு முயலலாம். எந்தப் பாடப்பிரிவுக்கு எந்தப் பட்டம் கேட்கிறார்கள் என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். டிஎன்பிஎஸ்சியின் பழைய தடயவியல் பணி அறிவிப்புகளிலும் தகுதிப் பகுதியைப் படியுங்கள். பிரிவுக்குப் பிரிவு மாறும்.

அரசு ஆய்வகப் பணியிடங்கள் குறைவு, மறைக்க மாட்டேன். ஆனால் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போகவேண்டும் என்கிறது. மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். தடயவியல் வேலை கைகூடாவிட்டாலும் மருந்துப் பரிசோதனை, மரபணு ஆய்வு நிறுவனங்களில் புள்ளியியல் படித்தவருக்கு இடமுண்டு.

இந்த விடுமுறையில் அவள் 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருளைப் பழகிப் பார்க்கட்டும். கலப்புத் தடங்களை அலசும் யூரோஃபார்மிக்ஸ் என்ற மென்பொருள் அதில் எழுதப்பட்டதுதான், இரண்டுமே இலவசம்.