120 மில்லிமீட்டரில் அடித்து ஓட்டலாமா? வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் குறைந்த டிராவல் உள்ள டிரெயில் சைக்கிள்களைப் பற்றி எழுதியிருந்தேன். டிராவல் என்பது அடி விழும்போது சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம். பின்சக்கரம் 110 முதல் 130 மில்லிமீட்டர் வரையும் முன்சக்கரம் 120 முதல் 140 வரையும் அசையும் வகை அது. அதை ஒட்டி வந்த கடிதங்களுக்கே இந்த மாதப் பக்கங்கள் போய்விட்டன. பழுதுபார்க்கும் மேசையிலும் வார இறுதியில் காட்டுத் தடத்திலும் நான் பார்ப்பதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

என் 29 அங்குலச் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் 120 மி.மீ. டிராவல். உபின் தீவின் கெத்தாம் தடத்தில் கறுப்பு வைரக் குறி போட்ட கடினமான பகுதிகளை வேகமாக ஓட்ட ஆசை. நண்பர்கள், ‘இதை விற்றுவிட்டு, பெரிய இறக்கங்களுக்கான 160 மி.மீ. என்டூரோ சைக்கிள் வாங்கு’ என்கிறார்கள். விற்கலாமா?
– வாசகர், யீஷூன்

விற்காதீர்கள். சிங்கப்பூரிலேயே உயரமான புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான். கெத்தாமிலோ இறக்கங்கள் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் முடிந்து, உடனே மிதிக்கவேண்டி வரும். 160 மி.மீ. சைக்கிளின் அருமை தெரியவேண்டுமானால், நிமிடக்கணக்கில் நீளும் செங்குத்தான பாறைச் சரிவு வேண்டும். அது இல்லாத ஊரில் அந்தக் கனத்தையும் சேர்த்து மிதிப்பதுதான் மிச்சம்.

உங்கள் நண்பர்கள் டிராவலை மட்டும் பார்க்கிறார்கள். எவ்வளவு பெரிய அடியைச் சைக்கிள் விழுங்கும் என்பதை டிராவல் சொல்லும். சரிவில் உங்களை முன்னால் கவிழ்க்காமல் வைத்திருப்பது பிரேமின் வடிவம். கோனா பிராசஸ் 111 என்று ஒரு சைக்கிள் 2014-இல் வந்தது. பின்னால் 111 மி.மீ.தான். ஆனால் நீளமான பிரேம், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் குட்டை, குட்டையான பின்பகுதி என்று வைத்து, பெரிய சைக்கிள்கள் போகும் தடங்களில் எல்லாம் அதை ஓட்டினார்கள். பிறகு 2020-இல் டிரான்சிஷன் ஸ்பர் வந்தது. முன்னும் பின்னும் 120, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வு தரையிலிருந்து 66 டிகிரி. நார்கோ ஆப்டிக்கின் 2020 மாடலில் பின்னால் 125, முன்னால் 140, சாய்வு 65 டிகிரி. இந்த டிகிரி குறையக் குறைய ஃபோர்க் அதிகமாகச் சாய்ந்து, முன்சக்கரம் உங்களுக்கு வெகு முன்னால் நிற்கும். செங்குத்தில் அது தரும் தைரியத்தை டிராவல் தராது. உங்கள் சைக்கிள் 67 டிகிரிக்குள் இருந்தால் கெத்தாமுக்குத் தாராளம்.

விற்று வாங்கினால் நஷ்டமாகும் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, முதலில் டயரை மாற்றுங்கள். கடையில் இந்தச் சைக்கிள்கள் பெரும்பாலும் எடை குறைவாகத் தெரியவேண்டும் என்பதற்காக மெல்லிய டயரோடு வருகின்றன. முன்னால் 2.4 அல்லது 2.5 அங்குல அகலத்தில், ஓரப் பற்கள் பெரிதாக உள்ள மேக்சிஸ் மினியன் டிஹெச்எஃப் அல்லது அசகாய் போல ஒன்றைப் போடுங்கள். பின்னால் வேகமாக உருளும் டயர் இருக்கட்டும், ஆனால் பக்கச்சுவர் தடிமனாக இருக்கவேண்டும். டியூப்லெஸ் ஆக்கிவிட்டு, 70 கிலோ உள்ளவர் முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ காற்றழுத்தம் என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். அடுத்தது பிரேக். முன்னால் 160 மி.மீ. டிஸ்க் இருந்தால் 180 அல்லது 200-க்குப் போங்கள். உங்கள் ஃபோர்க் எவ்வளவு பெரிய டிஸ்க்கைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பார், அதைப் பார்த்தபின் வாங்குங்கள். பிரேக்கை நம்ப முடிந்தவர்தான் பிரேக்கை விடவும் துணிவார். வேகம் அங்கிருந்துதான் வருகிறது.

சாங்கியில் 12 பேர் சேரும்வரை உபினுக்குப் போகும் பம்போட் படகு கிளம்பாது அல்லவா? அந்த நேரத்தில் டயர் காற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செஸ்ட்நட் பூங்காத் தடத்தில் வேர்கள் வரிசையாக வரும் இடத்தில் பின்சக்கரம் என்னை உதைத்துத் தூக்குகிறது. பெரிய சைக்கிள்காரர்கள் அதே இடத்தில் மிதந்துகொண்டு போகிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், உட்லண்ட்ஸ்

இதுதான் இந்த வகைச் சைக்கிளின் முழு விஷயமும். பெரிய சைக்கிளில், அடியை வாங்கி அமுங்கும் ஷாக் செய்யும் வேலையில் பாதியை இங்கே உங்கள் முழங்காலும் இடுப்பும் செய்யவேண்டும்.

வேர்களுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, முதல் வேர் வரும்போது இரண்டு பிரேக்கையும் விட்டுவிடுங்கள். சுழலும் சக்கரம் வேரின் மேல் ஏறும். பிரேக் பிடித்த சக்கரம் வேரின் முகத்தில் முட்டி நிற்கும், அப்போதுதான் உதை வருகிறது. பெரும்பாலோர் பயத்தில் நேர்மாறாகச் செய்கிறார்கள்: வேகமாக உள்ளே வந்து, வேரின் மேல் இருக்கும்போது பிரேக்கைப் பிடிக்கிறார்கள்.

பெடல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில், குதிகால் சற்றுக் கீழே, இடுப்பை மடக்கி மார்பைத் தாழ்த்திய நிலை. உடல் எடை முழுக்கப் பாதத்தில் இருக்கவேண்டும். கை ஹேண்டில்பாரைத் திசைகாட்ட மட்டும் பிடிக்கட்டும். வேர் வரிசைக்குச் சற்று முன்னால் பெடலை அழுத்தி, வேர் வரும் கணத்தில் உடலை மேலே எழவிடுங்கள். அந்த ஒரு நொடி சைக்கிளின் மேல் உங்கள் எடை கிட்டத்தட்ட இருக்காது. இதில் கைவந்தவர்கள் முதல் வேரில் எழும்பி மூன்றாவது வேருக்கு அப்பால் இறங்குவார்கள். குறைந்த டிராவல் சைக்கிள் இதற்கென்றே செய்ததுபோல உடனே எழும்பும். 160 மி.மீ. சைக்கிளில் நீங்கள் அழுத்தும் அழுத்தத்தில் ஒரு பங்கை ஷாக் தின்றுவிடும். செஸ்ட்நட்டிலேயே பம்ப் டிராக் என்ற மேடுபள்ளச் சுற்றுத்தடம் இருக்கிறது. மிதிக்காமல், மேட்டில் எடையைக் குறைத்துப் பள்ளத்தில் அழுத்தி அதைச் சுற்றிவரக் கற்றுக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இந்தத் தீவில் இல்லை.

அப்புறம் ரீபவுண்ட். அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பது. மிக வேகமாக இருந்தால் உதைக்கும். மிக மெதுவாக இருந்தால் ஒரு வேரிலிருந்து முழுதாக எழுவதற்குள் அடுத்தது வந்து, ஷாக் மேலும் மேலும் தாழ்ந்து, கடைசியில் இருக்கும் கொஞ்ச டிராவலும் தீர்ந்துபோகும். இரண்டும் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே மாதிரி உதையாகத்தான் தெரியும். நடைபாதை விளிம்பிலிருந்து இருக்கையில் உட்கார்ந்தபடியே மெதுவாக இறங்குங்கள். சைக்கிள் ஒருமுறை எழுந்து அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ரீபவுண்டை மெதுவாக்குங்கள்.

கனமழை பெய்த அன்று தடத்துக்குப் போகாதீர்கள். ஈர வேரில் எந்த டயரும் நிற்காது, சக்கரம் கீறும் சேற்றில் அடுத்த மழை வாய்க்கால் வெட்டிவிடும்.

ஒவ்வொரு குதிப்பிலும் பின் ஷாக் கடைசிவரை போய் ‘டக்’ என்று அடிக்கிறது. காற்றை ஏற்றினால் அடி நிற்கிறது, ஆனால் கல்மேல் உட்கார்ந்ததுபோல இருக்கிறது.
– வாசகர், செங்காங்

காற்று மட்டுமே போதாது. முதலில், நீங்கள் ஏறி நின்றதும் ஷாக் தானாக எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து பாருங்கள். கடையில் இதை சேக் என்பார்கள். தலைக்கவசம், தண்ணீர்ப் பை எல்லாம் அணிந்துகொண்டு, இறக்கத்தில் நிற்பதுபோலப் பெடலில் நின்று, ஷாக்கின் ரப்பர் வளையத்தைத் தள்ளிவிட்டு மெதுவாக இறங்குங்கள். 120 மி.மீ. சைக்கிள் பலவற்றில் ஷாக் அமுங்கும் மொத்தத் தூரம் 45 மி.மீ. மட்டுமே, பிரேமின் நெம்புகோல்கள்தான் அதைச் சக்கரத்தில் 120 ஆக்குகின்றன. அதில் 30 சதவீதம் என்றால் 13.5 மி.மீ., 25 சதவீதம் என்றால் சுமார் 11. பொதுவாக 30 வரை சொல்வார்கள். அடித்து ஓட்டுபவருக்கு நான் 25-தான் வைப்பேன். இருப்பதே கொஞ்சம், அதில் மூன்றில் ஒரு பங்கை நின்றதற்கே செலவழிக்கக்கூடாது.

அதற்கு மேலும் அடித்தால், ஷாக்கின் காற்றறைக்குள் போடும் வால்யூம் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் துண்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். காற்றறை சுருங்குவதால் கடைசிப் பகுதி மட்டும் இறுகும், தொடக்கம் மென்மையாகவே இருக்கும். நீங்கள் கேட்பது இதைத்தான். ஒவ்வொரு துண்டாகச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். ஒரு சவாரியில் ஓரிரு முறை கடைசிவரை போவது கோளாறு அல்ல, கொடுத்த காசுக்கு முழு டிராவலையும் பயன்படுத்துகிறீர்கள். ஒவ்வொரு குதிப்பிலும் போவதுதான் கோளாறு.

என் எடை 52 கிலோ. என் கணவருக்கு அருமையாக வேலை செய்யும் அதே மாடல் எனக்கு மட்டும் இறுக்கமாக இருக்கிறது. ஃபோர்க் எவ்வளவு அமுங்கியது என்று காட்டும் ரப்பர் வளையம் பாதிக்கு மேல் போனதே இல்லை. நான் இன்னும் தைரியமாக ஓட்டவேண்டும் என்கிறார் அவர்.
– வாசகி, தெம்பனிஸ்

உங்கள் தைரியத்தில் ஒரு குறையும் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் அமைப்பு பெரும்பாலும் உங்களைவிடக் கனமானவரை மனதில் வைத்துச் செய்தது. எடை குறைந்த பெண்கள் பலர் இப்படிச் சரியாக அமைக்காத சைக்கிளை ஓட்டிவிட்டு, ‘எனக்கு வரவில்லை’ என்று விளையாட்டையே விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். எனக்கு அது மிகவும் வருத்தமான விஷயம்.

ஃபோர்க்கில் ஸ்பேசர் துண்டுகள் இருந்தால் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். ஃபோர்க் அமுங்குவதைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷன் திருகை முழுக்கத் திறந்துவிடுங்கள். உங்கள் எடைக்கான காற்றளவு பல ஃபோர்க்குகளின் காலிலேயே ஒட்டியிருக்கும், அங்கிருந்து ஆரம்பித்துக் குறையுங்கள். காற்று குறைந்தால் ஃபோர்க் திரும்பும் விசையும் குறையும் என்பதால் ரீபவுண்டையும் வேகமாக்கவேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். டியூப்லெஸ் டயரில் முன்னால் 18 பிஎஸ்ஐ உங்களுக்குப் போதும். இத்தனைக்கும் பிறகும் பாதியில் நின்றால், உள்ளே எண்ணெய் வற்றியிருக்கலாம். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குகளின் கீழ்க்காலை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது தயாரிப்பு நிறுவனமே. நம் ஊர் ஈரத்தில் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

120 மி.மீ. ஃபோர்க்கை எடுத்துவிட்டு 140 போடலாமா?
– வாசகர், ஜூரோங்

10 மி.மீ. கூட்டலாம், பிரேம் தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால். பத்துக்கு ஃபோர்க்கின் கோணம் ஏறக்குறைய அரை டிகிரி குறைந்து இன்னும் சாயும், மிதிக்கும் அச்சு சில மில்லிமீட்டர் உயரும். இருபது கூட்டினால் முன்பக்கம் தூக்கி, மிதிக்கும் அச்சிலிருந்து பிரேமின் கழுத்துவரை உள்ள முன்தூரம் சுருங்கி, திருப்பத்தில் முன்சக்கரத்தின் மேல் எடையே இல்லாமல் போகும். பிரேமின் கழுத்திலும் கூடுதல் நெம்பல் விழும். வேண்டாம்.

முழுமுகத் தலைக்கவசம் தேவையா?
– வாசகர், புங்கோல்

மிகக் கடினமான இரட்டைக் கறுப்பு வைரப் பகுதிக்கு, ஆம். முழங்கால் காப்பு எல்லா இடத்துக்கும்.

டொராண்டோவில் டான் பள்ளத்தாக்குத் தடங்களில் ஓட்டுகிறேன். கோடையில் கச்சிதமாக இருந்த சைக்கிள், நவம்பர் முடிவில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக் கடைசிவரை போய்த் தட்டுகிறது. ஷாக் பழுதா?
– வாசகர், ஸ்கார்பரோ

பழுது இல்லை, குளிர். வீட்டுக்குள் 20 டிகிரியில் 180 பிஎஸ்ஐ ஏற்றி, மைனஸ் 5-இல் வெளியே கொண்டுபோனால் உள்ளே சுமார் 163 பிஎஸ்ஐதான் இருக்கும். டிராவல் அதிகமுள்ள சைக்கிளில் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம், உங்களுடையதில் உடனே தெரியும். குளிரில் எண்ணெயும் தடித்து ரீபவுண்ட் மந்தமாகும். சைக்கிளை அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டு, ஓட்டப்போகும் குளிரிலேயே காற்றைச் சரிசெய்து, ரீபவுண்டை ஓரிரு கிளிக் வேகமாக்குங்கள்.

என் மகனுக்கு 15 வயது. அவன் வைத்திருப்பது 120 மி.மீ. சைக்கிள். மற்ற பையன்களோடு சேர்ந்து உயரமான திட்டுகளிலிருந்து குதிக்கிறான். பிரேம் தாங்குமா என்று பயமாக இருக்கிறது. தடுக்கவும் மனமில்லை.
– வாசகி, சுவா சூ காங்

அம்மா, நீங்கள் தடுக்க நினைக்காதது நல்லது, கேட்டது அதைவிட நல்லது. பிரேமின் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ ஏஎஸ்டிஎம் (ASTM) பிரிவு என்று, எந்த வகை ஓட்டத்துக்கானது எனச் சொல்லும் தர எண் ஒன்று இருக்கும். 3 என்றால் 61 செ.மீ.க்கு உட்பட்ட குதிப்புகளுக்கானது. 4 என்றால் 122 செ.மீ. வரை. இந்த வகையில் 3-ஆகவும் சைக்கிள்கள் வருகின்றன, 4-ஆகவும் வருகின்றன, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் எண்ணைப் பாருங்கள். 3-ஆக இருந்தால் உங்கள் மகனிடம் எண்ணைக் காட்டியே பேசுங்கள், இந்த வயதுப் பிள்ளைகள் காரணம் சொன்னால் கேட்பார்கள்.

உயரத்தைவிட இறங்கும் இடம் முக்கியம். சரிவில் இறங்கினால் விழும் வேகம் முன்னால் ஓடும் வேகமாக மாறும். சமதரையில் இறங்கினால் அத்தனையும் பிரேமுக்கும் கணுக்காலுக்கும்தான். சமதரைக்குக் குதிக்கும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள்.

வாரம் ஒருமுறை அவனையே சைக்கிளைக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். ஃபோர்க் நுழையும் கழுத்துப் பகுதியின் அடிப்புறம், இருக்கைக் குழாயின் மேல்முனை, ஷாக் பொருந்தும் இடம், பின்சக்கரத்துக்கு முன்னால் இரண்டு குழாய்கள் சேரும் இடம் ஆகியவற்றில் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பெயிண்டில் முடிபோல ஒரு கோடு தெரிந்தால் நகத்தால் வருடவேண்டும். நகம் மாட்டினால் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.