அரசு வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போய் ஜெயித்தவர் யாராவது உண்டா?

உண்டு. வேலையை விடும்போது அவருக்கு வயது 41.

பழைய ஹாலிவுட் படங்கள் பார்ப்பவர்களுக்கு பாரி ஃபிட்ஸ்ஜெரால்டின் முகம் தெரிந்திருக்கும். குள்ள உருவம், அடர்ந்த புருவம், பாதியை வாய்க்குள்ளேயே மென்றுவிடுகிற ஐரிஷ் ஆங்கிலம். 1888இல் டப்ளினில் பிறந்தபோது வைத்த பெயர் வில்லியம் ஜோசப் ஷீல்ட்ஸ். பகலில் அரசாங்க குமாஸ்தா, சாயங்காலமானால் ஆபி தியேட்டரில் நாடகம். ஆபீசில் வம்பு வரக்கூடாதென்றுதான் மேடைக்கு வேறு பெயர். (நானும் அரசு ஊழியன்தான், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது.)

1924இல் ஷான் ஓகேசி எழுதிய 'ஜூனோ அண்ட் த பேகாக்' நாடகத்தில் கேப்டன் பாயிலாக வந்தார். வேலை என்ற சொல் காதில் விழுந்தாலே கால்வலி வந்துவிடும் பாயிலுக்கு. அந்த மகா சோம்பேறியாக ராத்திரி நடித்துவிட்டு, காலையில் ஒழுங்காக ஆபீஸ் போயிருக்கிறார் மனுஷன்! நாடகம் பெரிய வெற்றி. ஆனாலும் சம்பளத்தை விட்டது 1929இல்தான். அவசரப்படவே இல்லை.

1936இல் இயக்குநர் ஜான் ஃபோர்டின் படத்துக்காக ஹாலிவுட் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். 1944இல் வந்த 'கோயிங் மை வே'யில் வயதான கத்தோலிக்கப் பாதிரியார் வேடம். இவரோ புராட்டஸ்டண்ட். அந்த ஒரே வேடத்துக்குச் சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் என ஆஸ்கரில் இரண்டு பிரிவிலும் இவர் பெயர் வந்தது. முதலாவது, கூட நடித்த பிங் க்ராஸ்பிக்குப் போனது. துணை நடிகர் விருது இவருக்கு. இப்படி இன்னொரு முறை நடக்காதபடி அப்புறம் விதியையே மாற்றிவிட்டார்கள். போர்க்காலத்தில் உலோகத் தட்டுப்பாடு என்பதால் கொடுத்தது பிளாஸ்டர் சிலை. வீட்டில் கோல்ஃப் மட்டையைச் சுழற்றிப் பழகும்போது அதன் தலையைத் தட்டிவிட்டார்!

அவரை முதலில் பார்க்க நினைப்பவர்கள் 1952இல் வந்த 'த கொயட் மேன்' படத்தைப் பாருங்கள். அயர்லாந்தில் மேயோ பக்கம் காங் கிராமத்தில் எடுத்தது. அதில் இவர் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டே கல்யாணத் தரகும் பார்க்கிற ஆள், வாய் ஓயாது, தொண்டை எப்போதும் வறண்டே இருக்கும். அதே படத்தில் சாதுவான புராட்டஸ்டண்ட் பாதிரியாராக வருகிறவர் இவருடைய சொந்தத் தம்பி ஆர்தர் ஷீல்ட்ஸ். நிஜத்தில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் துப்பாக்கி ஏந்திச் சிறைப்பட்டவர் அந்தத் தம்பி. முகத்தைப் பார்த்தால் நம்பவே மாட்டீர்கள்.