கேள்வி நேரம்: சிங்கப்பூரில் பஸ்ஸும் குட்டி ரயிலும்

கே: சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் மகன் வீடு. அங்கிருந்து லிட்டில் இந்தியா போக எல்ஆர்டி என்கிற குட்டி ரயில், பெரிய ரயில், பஸ் என்று மாறிமாறிப் போகச் சொல்கிறான். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணமா? (வாசகி, திருச்சி)

ப: இல்லை. ஏறும்போது இயந்திரத்தில் அட்டையை ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. பஸ், ரயில் எல்லாம் சேர்த்து மொத்தத் தூரத்துக்குத்தான் காசு. அதனால் எது முதலில் வருகிறதோ அதில் ஏறலாம். பஸ்ஸிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏற 45 நிமிட அவகாசம். முழுப் பயணம் இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் ஐந்து முறை வண்டி மாறலாம். ஒரே எண் பஸ்ஸை அடுத்தடுத்துப் பிடித்தாலும் புதுப் பயணமாகக் கணக்காகும். வழியில் கடைக்கு இறங்கி அதே எண்ணில் ஏறுகிறவர்கள் கவனிக்க.

பணம் வீணாகப் போவது வேறு இடத்தில். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தட்ட மறந்தால், கடைசி நிறுத்தம் வரை போனதாகப் பிடித்துக்கொள்ளும். ஏறும்போது கைபேசி, இறங்கும்போது அதே வங்கியின் அட்டை என்று தட்டினாலும் அப்படித்தான்: இயந்திரத்துக்கு அவை இரண்டு வெவ்வேறு அட்டைகள். இந்திய வங்கி அட்டைக்குத் தனியாக நிர்வாகக் கட்டணமும் உண்டு. சில நாள் தங்குவதானால், முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் ஈசி-லிங்க் பயண அட்டை வாங்கிவிடுங்கள். பஸ்ஸில் ரொக்கமாகக் கொடுத்தால் சில்லறையும் வராது, வண்டி மாறும்போது கிடைக்கும் சலுகையும் கிடையாது.

கே: எல்ஆர்டியில் எந்தப் பக்கம் ஏறுவது?

ப: இதுதான் பலரைச் சுற்றவைக்கிறது, நிஜமாகவே! புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பாதை வளையமாகப் போய்த் திரும்பும். 'பி' ரயிலில் பெட்டிர் முதல் நிறுத்தம்; செஞ்சா வழியாகப் போகும் 'ஏ' ரயிலில் அதே பெட்டிர் ஏழாவது. பலகையில் எழுத்தைப் பார்த்து ஏறுங்கள். லிட்டில் இந்தியாவுக்கு, புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி வாயிலைக் கடந்து டௌன்டவுன் பாதை என்கிற பெரிய ரயிலுக்கு நடக்க வேண்டும்.

கே: எல்ஆர்டி ஏன் இவ்வளவு குலுங்குகிறது?

ப: ஊர் முதலில் வந்தது, ரயில் 1999இல்தான். இருந்த கட்டடங்களுக்கு நடுவே நுழைத்ததால் வளைவும் ஏற்ற இறக்கமும் அதிகம். ஓட்டுநர் இல்லாத ரப்பர் சக்கர வண்டி. கோளாறால் நின்றுவிட்டால் அறிவிப்பைக் கவனியுங்கள்: பாதிக்கப்பட்ட நிலையங்களுக்கு அருகே குறிப்பிடும் நிறுத்தங்களில் பஸ்ஸில் இலவசமாக ஏற்றுவார்கள்.