மண் நாட்டுக்கு, மான் மாநிலத்துக்கு: வெளிமாநில வேட்டை பற்றிக் கேள்வி பதில்

மூன்று வருடம் வெளியூர்க்காரனாக வேட்டை அனுமதிக்கு விண்ணப்பித்து, அப்புறம் வேலை மாறி வயோமிங்கிலேயே குடியேறியவன் நான். பதினோரு வருடம் ஓடிவிட்டது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வெளியாட்களுக்கான விதிகள் வருடா வருடம் இறுகுகின்றன, கேளுங்கள் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன; கேட்டவரின் ஊர்ப்பெயரை முன்னால் போட்டிருக்கிறேன். எந்தத் துப்பாக்கி நல்லது என்ற கேள்விகளை மட்டும் எடுக்கவில்லை. அந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது.

ஃபீனிக்ஸ்: கொலராடோவில் வில்வேட்டைக்கான எல்க் (பெரிய மான்) டேக்கை, அதாவது அனுமதிச் சீட்டை, கடையில் நேராக வாங்கலாம் என்று நண்பர் சொன்னார். எனக்குக் கிடைக்கவில்லையே?

நண்பர் சொல்வது பழைய கதை. ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே வெளிமாநிலத்தவருக்கு வில்வேட்டை எல்க் டேக் 2025 முதல் குலுக்கலில்தான். உள்ளூர்க்காரர்கள் இன்னும் கடையில் வாங்குகிறார்கள். ஐடஹோவிலும் டிசம்பர் முதல் தேதி இணைய வரிசையில் காத்துக் கிடந்து வாங்கும் பழக்கம் போய், 2026 பருவத்திலிருந்து வெளியாட்களின் பொது மான், எல்க் டேக்குகள் குலுக்கலுக்குப் போய்விட்டன. வேறெங்கும் விழாவிட்டால் கொலராடோ இருக்கிறது என்ற தெம்பு இனி வேண்டாம். முக்கியமாக, அந்தந்த வருட விதிப்புத்தகத்தைப் பாருங்கள். போன வருடத்தது அடுப்பெரிக்கத்தான்.

டல்லஸ்: கொலராடோவில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன். ரெசிடென்ட் (உள்ளூர்வாசி) கட்டணம் கட்டலாமா?

கூடாது. சொத்து இருந்தால் போதாது, நீங்கள் அங்கே வாழ வேண்டும். கொலராடோவில் ஆறு மாதம், வயோமிங்கில் ஒரு வருடம். டெக்சாஸ் ஓட்டுநர் உரிமத்தைப் பையில் வைத்துக்கொண்டு கொலராடோக்காரன் என்று கையெழுத்துப் போட்டால் அது பொய்ச் சாட்சி. ஒரு மாநிலத்தில் வேட்டை உரிமை பறிபோனால், மாநிலங்கள் தங்களுக்குள் போட்ட ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கும் மற்ற மாநிலங்களிலும் போய்விடும். கிட்டத்தட்ட எல்லா மாநிலமும் அதில் இருக்கிறது.

சிகாகோ: காடு ஃபெடரல் (மத்திய அரசு) நிலம். என் வரிப்பணமும் அதில் இருக்கிறது. வயோமிங்காரருக்கு எல்க் லைசென்ஸ் 57 டாலர், எனக்கு 692. என்ன நியாயம் அண்ணா?

இதற்குக் கொஞ்சம் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். நிலம் நாட்டுடையது, சரி. அதன்மேல் நடக்கும் மானை நிர்வகிப்பது மாநிலம். மண் நாட்டுக்கு, மான் மாநிலத்துக்கு. இதே கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். 1976-இல் மொன்டானாவில் உள்ளூர்க்காரர் 9 டாலரில் எல்க் வேட்டைக்குப் போகலாம். வெளியாளோ 225 டாலர் கட்டிப் பல விலங்குகளுக்குமான கூட்டு லைசென்ஸ் வாங்கியே ஆக வேண்டும். 1978-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மொன்டானா ஜெயித்தது. எல்க் வேட்டை பொழுதுபோக்கு, பிழைப்பு அல்ல. அதில் எல்லா மாநிலத்தவரையும் ஒன்றாக நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்றது நீதிமன்றம்.

2002-இல் காற்று திசை மாறப் பார்த்தது. அரிசோனா வெளியாட்களுக்கு வைத்திருந்த 10 சதவீத உச்சவரம்பை ஒரு ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேள்வி கேட்டது. 2005-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே சட்டம் போட்டு, பாகுபாடு காட்டும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று கதவை அடைத்துவிட்டது. அதன் பிறகு மாநிலங்களுக்குத் தைரியம் கூடத்தானே செய்யும்? நியூ மெக்சிகோவில் குலுக்கல் டேக்கில் 84 சதவீதம் உள்ளூருக்கு, 10 சதவீதம் கைடு (வேட்டை வழிகாட்டி) வைத்து வருபவர்களுக்கு, தனியாக வரும் வெளியாளுக்கு 6. வயோமிங்கில் 2023 முதல் பெருங்கொம்பு ஆடு, மூஸ் மான், மலையாடு, பைசன் எருது எல்லாம் உள்ளூருக்கு 90, வெளியாளுக்கு 10.

சிகாகோ, மீண்டும்: வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி கட்டுகிறோமே, அது உங்கள் மாநிலத்துக்குத்தானே வருகிறது?

வருகிறது. 1937 சட்டம். மாநிலத்தின் பரப்பளவையும் லைசென்ஸ் வாங்கியவர்களின் எண்ணிக்கையையும் வைத்துப் பிரிக்கிறார்கள். அதற்கு மேல், எங்கள் மாநில லைசென்ஸ் வருமானத்தில் பெரும்பகுதி உங்களைப் போன்றவர்கள் கொடுப்பதுதான். நன்றி சொல்கிறேன். வாக்குச்சீட்டு மட்டும் எங்களிடம் இருக்கிறது.

காஸ்பர், வயோமிங்: அண்ணே, நீங்கள் வயோமிங்காரரா, வெளியாட்களின் வக்கீலா? காட்டுப் பாதை முழுக்க வெளியூர் நம்பர் பிளேட்டு.

இரண்டும்தான். கட்டணத்தையும் ஒதுக்கீட்டையும் நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஃபெடரல் வில்டர்னஸ் (காடாகவே விட்டுவைத்த) பகுதியில் வெளியாள் கைடு இல்லாமல் எல்க், மான் வேட்டையாடக் கூடாது என்ற நம் சட்டத்தை ஆதரிக்க மாட்டேன். அதே ஆள் அதே இடத்தில் தனியாக நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம், மீன் பிடிக்கலாம். எல்க் வேட்டைக்கு மட்டும் வழி தெரியாமல் போய்விடுவாராம்! கைடு தொழிலுக்கு வேலி, அவ்வளவுதான்.

ஒமாஹா: ஏணி வழக்கு என்னாயிற்று?

தெரியாதவர்களுக்கு: வயோமிங்கில் பொது நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டம் போல மாறி மாறி இருக்கும். 2021-இல் மிசூரியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் நான்கு கட்டங்கள் சேரும் மூலையில் ஏணி வைத்து, தனியார் மண்ணில் கால் படாமல் ஒரு பொதுக் கட்டத்திலிருந்து அடுத்ததற்கு இறங்கினார்கள். பண்ணை உரிமையாளர் வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில், வயோமிங் உள்ளிட்ட சில மாநிலங்களுக்கான பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அந்த வட்டத்தில் மொன்டானா இல்லை, ஏணியோடு அங்கே போகாதீர்கள்.

சியாட்டில்: அலாஸ்காவில் தாய்மாமன் இருக்கிறார். அவரோடு பழுப்புக் கரடி வேட்டைக்குப் போகலாமா?

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் என்றாலும் வெளிமாநிலத்தவர் பழுப்புக் கரடி, டால் என்ற காட்டு ஆடு, மலையாடு மூன்றுக்கும் கைடு வைக்க வேண்டும், அல்லது அலாஸ்காவில் வாழும் நெருங்கிய உறவு கூட வர வேண்டும். அவர்கள் கணக்கில் அண்ணன், தங்கை, தாத்தா, மாமனார், மச்சான் எல்லாம் உறவு. தாய்மாமனும் சித்தப்பாவும் இல்லை! சீர் செய்த தாய்மாமனை அலாஸ்காக்காரனுக்கு எப்படிப் புரிய வைப்பது? அத்தை மகனும் ஆகாது. அவர் தங்கையைக் கட்டியிருந்தால் மட்டும் ஆகும்.

ஆஸ்டின்: எச்-1பி விசாவில் இருக்கிறேன். வேட்டைக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் வரிசை முக்கியம். இந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். விதிவிலக்குகளில் ஒன்று, ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். ஆகவே முதலில் லைசென்ஸ், பிறகுதான் துப்பாக்கி. நண்பர் "சும்மா பிடித்துப் பாருங்கள்" என்று நீட்டினாலும் அதே வரிசைதான். குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வில்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

சான் ஹோசே: ஐடஹோவில் நிலம் வாங்கியிருக்கிறேன், ரெசிடென்ட்...

டல்லஸ்காரருக்குச் சொன்னதுதான்.

அட்லாண்டா: மனைவி கொலராடோவின் டென்வரில் வேலை பார்க்கிறார், நான் அட்லாண்டாவில். ரெசிடென்ட்...

மனைவி ரெசிடென்ட். நீங்கள் இல்லை. இந்தக் கேள்வி இத்தோடு போதும்.

மினியாபோலிஸ்: வயோமிங்கில் டேக்கில் தேதி எழுதினால் போதுமா?

எழுதக் கூடாது, வெட்ட வேண்டும். சீட்டில் மாதமும் நாளும் அச்சடித்திருக்கும். எல்க் விழுந்ததும் கையுறையைக் கழற்றி, அன்றைய மாதத்தையும் நாளையும் கத்தி நுனியால் வெட்டி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். என் முதல் எல்க்கின்போது விரல் மரத்துப்போய், 19-ஐ வெட்டப் போய் 20-யும் சேர்த்துக் கிழித்துவிட்டேன். வேட்டை அதிகாரி (வார்டன்) அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, என்னையும் ஒரு பார்வை பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். சிறிய கத்தி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிகாகோ, மூன்றாம் முறை: சரி அண்ணா, வயோமிங் எல்க் விண்ணப்பம் எப்போது மூடும்?

அப்படி வாருங்கள். வெளியாட்களுக்குப் பிப்ரவரி தொடக்கத்தில் மூடிவிடும்; சரியான தேதிக்கு இந்த வருட விதிப்புத்தகம். டேக் விழுந்தால் சொல்லுங்கள். வில்டர்னஸுக்குள் உள்ளூர்க்காரன் இலவச அனுமதி வாங்கிக் கைடாக வரலாம், நான் வருகிறேன். கறியில் பங்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள், கூலி வாங்கினேன் என்று என்னைப் பிடித்துவிடுவார்கள்.