ட்ரிம் தின்ற எழுத்துகள்: கேள்வி பதில்

கேள்வி: பிஎச்பி மொழியில் ஸ்ட்ரிங்கின் (எழுத்துத் தொடரின்) இரு ஓரங்களையும் வெட்டுவது ட்ரிம், பின் ஓரத்தை மட்டும் வெட்டுவது ஆர்ட்ரிம். கோப்புப் பெயரின் பின்னாலுள்ள '.பிடிஎஃப்' போக ஆர்ட்ரிம் போட்டேன். (பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான்.) மற்றதெல்லாம் சரி, 'ஸ்டாஃப்.பிடிஎஃப்' மட்டும் 'ஸ்டா' ஆகிவிடுகிறது.

பதில்: இரண்டாவதாகக் கொடுப்பது எழுத்துப் பட்டியல். அதைச் சொல்லாக நினைத்துவிட்டீர்கள். புள்ளி, பி, டி, எஃப் இதில் எது ஓரத்தில் நின்றாலும் வெட்டிக்கொண்டே போகும். ஏ வந்ததும்தான் நிற்கும். பிஎச்பி 8.0 முதல் ஸ்டர்_எண்ட்ஸ்_வித் இருக்கிறது. முடிவு அதுதானா என்று அதில் பார்த்துவிட்டு, சப்ஸ்டர் போட்டு அந்தப் பகுதியை வெட்டுங்கள்.

கேள்வி: பைத்தான் ஸ்ட்ரிப்பும் இப்படியா?

பதில்: அப்படியேதான். 3.9 முதல் ரிமூவ்சஃபிக்ஸ் உண்டு.

கேள்வி: எக்செல்லில் இருந்து வரும் சிஎஸ்வி கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் (கண்ணுக்குத் தெரியாத யூனிகோட் குறி) இருக்கிறது. அதையும் ட்ரிம் பட்டியலில் சேர்த்தேன். இப்போது 'முருகன்' நன்றாக வருகிறார், 'கந்தசாமி' உடைகிறார். தரவை ஜேசன் வடிவமாக்கும் ஜேசன்_என்கோட் ஃபால்ஸ் தருகிறது.

பதில்: நல்ல கேள்வி. பிஎச்பியின் ட்ரிம்முக்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும். எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் பிஓஎம் மூன்று பைட் (பதினாறடிமான எண்ணில்): ஈஎஃப், பிபி, பிஎஃப். பட்டியலில் அவை மூன்று தனி ஆட்கள். நம் இகரக் குறி 'ி' ஈ0, ஏஈ, பிஎஃப். கடைசி பிஎஃப்பை ட்ரிம் தின்றுவிடுகிறது, மீதி இரண்டு பைட் அரைகுறையாக நிற்கிறது. தம்பி, மணி, லட்சுமி எல்லாருக்கும் இதே கதி.

அகலமில்லா இடைவெளியைச் சேர்த்தாலும் விபரீதம்தான். அதன் பைட்டுகள் ஈ2, 80, 8பி. ஈகாரக் குறி 80இல் முடியும், ஓகாரக் குறி 8பியில். 'நீ', 'போ' இரண்டும் காலி. என்பிஎஸ்பியின் (வரி உடையாத இடைவெளி) ஏ0 தமிழ் எழுத்து எதற்கும் கடைசி பைட் இல்லை. ஆனால் இந்தியின் 'ठ'வுக்கு உண்டு. தமிழில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிட்டால் இந்திக்காரர்தான் புகார் கொடுப்பார்.

பிஎச்பி 8.4இல் எம்பி_ட்ரிம் வந்திருக்கிறது, எழுத்தாகவே பார்க்கும். பழைய பதிப்பென்றால் யூ கொடியோடு ப்ரெக்_ரீப்ளேஸ். உங்களுக்கு அதுகூட வேண்டாம்: கோப்பின் முதல் மூன்று பைட் பிஓஎம்மா என்று ஒரே ஒரு தடவை பார்த்து நீக்குங்கள்.

கேள்வி: கடவுச்சொல்லையும் ட்ரிம் செய்யலாமா?

பதில்: கூடாது. பிஎச்பி கட்டமைப்பான லாராவெல் எல்லா உள்ளீட்டையும் தானே ட்ரிம் செய்யும். அதுகூடக் கடவுச்சொல்லைத் தொடாது.

குறுக்கே இன்னொருவர்: ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். மொபைல் கீபோர்டு பின்னால் ஒரு இடைவெளி சேர்த்துவிடுகிறது. வாடிக்கையாளர் 'சரியாத்தானே அடிச்சேன்' என்று சண்டைக்கு வருகிறார்.

பதில்: பிரச்சினை உண்மைதான். ஆனால் லாகினில் மட்டும் ட்ரிம் போட்டால், இடைவெளியோடு பதிவு செய்தவர் இனி உள்ளேயே வர முடியாது.

அவரே: பதிவிலும் போட்டால்?

பதில்: புதுத் தளத்துக்குச் சரி. பழைய ஹாஷ்களை (கடவுச்சொல்லை மாற்றிச் சேமித்த வடிவம்) என்ன செய்வீர்கள்? முதலில் அடித்தபடியே சோதியுங்கள், தவறினால் ட்ரிம் செய்து ஒரு முறை. இரண்டையும் சேர்த்து ஒரே முயற்சியாக எண்ணுங்கள்.

அவரே: இதைத்தானே நானும் சொன்னேன்!

பதில்: இல்லை, ஆனால் போகட்டும்.

கேள்வி: முன் ஓரத்தை வெட்டும் எல்ட்ரிமில் 'எச்டிடிபி://' கொடுத்தால் டொமைனின் முதல் எழுத்தும்…

பதில்: முதல் கேள்வியைப் படியுங்கள். எழுத்துப் பட்டியல்!

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் ட்ரிம் போட்டும் இடைவெளி போகவில்லை.

பதில்: திருப்பித் தருவதை எங்காவது வாங்கி வைத்தீர்களா? மூல ஸ்ட்ரிங் மாறாது. வைத்தும் போகவில்லை என்றால் அகலமில்லா இடைவெளியாக இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் என்பிஎஸ்பியையும் பிஓஎம்மையும் நீக்கும், அகலமில்லா இடைவெளியை நீக்காது.

கேள்வி: ட்ரிம்மில் '.காம்' கொடுத்தால்…

பதில்: எழுத்துப் பட்டியல்.